பீரோவுக்குப் பின்னால ஒரு உலக மேப்!

போன வாரம் ஹாஸ்டல் தண்ணி டேங்க் பத்தி எழுதினதுக்கு வந்த கடிதங்கள்ல பாதி பாராட்டு. மீதி, 'எங்க ஹாஸ்டலுக்கும் ஒரு நடை வந்து பாரும்மா'ங்கிற பாசமான அழைப்பு. ரெண்டுக்கும் நன்றி. இந்த வாரம் நம்ம 'அரியர் அறிவியல்' பக்கம் வெளியில எங்கேயும் போகலை. வீட்டுக்குள்ளேயே ஒரு பீரோவை நகர்த்தப் போறோம். அவ்ளோதான்!

முதல்லயே ஒரு ஒப்புதல் வாக்குமூலம். நான் மெக்கானிக்கல், மூணாவது வருஷம். தெர்மோடைனமிக்ஸ்ல 'ஓ' கிரேடு. அதைச் சொல்லிச் சொல்லியே வீட்டுல எல்லார் காதையும் ஓட்டை போட்டவ. ஆனா, இந்தக் கதையில வில்லி நான்தான். கையில பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமா நிக்கிற வில்லி.

ஒரு கோட் அடிச்சா போயிடும்!

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயல். சென்னையில் வேளச்சேரி பக்கம், தரைத்தளத்துல வாடகைக்கு இருக்கோம். வீட்டுக்குள்ளே முழங்கால் அளவு தண்ணீர். ரெண்டு நாள் அப்படியே நின்னுச்சு. மூணாவது நாள் வடிஞ்சதும் அம்மா ஃபினாயில் ஊத்திக் கழுவினாங்க. அப்பா ஃபேனை ஃபுல் ஸ்பீடுல ஓட விட்டார். தரை காஞ்சுது. பாயும் தலையணையும் மொட்டை மாடியில காஞ்சுது. 'அப்பாடா, முடிஞ்சுது'ன்னு நினைச்சோம். சுவர் காஞ்சுதான்னு மட்டும் யாரும் தொட்டுப் பார்க்கலை.

பொங்கலுக்கு முன்னாடி பெட்ரூம் சுவர்ல, பீரோ ஓரமா கறுப்புப் புள்ளிங்க தெரிஞ்சுது. மாடியில இருக்கிற ஹவுஸ் ஓனர்கிட்ட சொன்னோம். கெட்ட மனுஷர் இல்லை. வெள்ளத்தப்போ நம்ம எல்லாரையும் அவர் வீட்டுல தங்க வெச்சு, கஞ்சி ஊத்தினவர். அவர் சொன்னார்: "இந்த ஊர்ல ஓதம் இல்லாத சுவர் எங்கம்மா இருக்கு? ஒரு கோட் பெயின்ட் அடிச்சா போயிடும்." பெயின்ட்டையும் அவரே வாங்கிக் கொடுத்துட்டார்.

அடிச்சது யாரு? நான்தான். பீரோவைக்கூட முழுசா நகர்த்தாம, தெரியற வரைக்கும் இளநீலத்துல ரெண்டு கோட். முடிச்சுட்டு ஒரு செல்ஃபி வேற!

தயிரா, தலைக்குளியலா?

அந்த ரூம்ல படுக்கிறவன் என் தம்பி. 2024-ல ஆறாவது. ஸ்கூல் டீம்ல ஃபாஸ்ட் பௌலர் ஆகணும்ங்கிறது அவனோட வாழ்நாள் லட்சியம். அந்த வருஷம் மழைக்காலம் தொடங்கினதும் ராத்திரி இருமல் ஆரம்பிச்சுது. பகல்ல சும்மா இருப்பான். படுத்து ஒரு மணி நேரத்துல 'கொள் கொள்'. அப்புறம் நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்தற மாதிரி ஒரு சத்தம். வீசிங்!

நம்ம வீடுகள்ல இதுக்குன்னு ஒரு குற்றவாளிப் பட்டியல் உண்டே! முதல் குற்றவாளி தயிர். ரெண்டாவது ஐஸ்க்ரீம். மூணாவது தலைக்குக் குளிச்சது. தயிர் கட். ஐஸ்க்ரீம் கட். ஞாயித்துக்கிழமை எண்ணெய்க் குளியல் கட். தூதுவளை ரசம், ஆவி, மஞ்சள் பால்னு எல்லாம் ஆச்சு. இருமல் மட்டும் கட் ஆகலை. மூணு தடவை சிரப், ஒரு தடவை நெபுலைசர். பி.டி. சார், "நீ இந்த வருஷம் ரெஸ்ட் எடுப்பா"ன்னு டீம்லேர்ந்து எடுத்துட்டார். அன்னிக்கு அவன் சாப்பிடலை.

அதே ராத்திரிகள்ல நான் என்ன பண்ணிட்டிருந்தேன் தெரியுமா? பக்கத்து ஹால்ல உட்கார்ந்து செமஸ்டருக்குப் படிச்சுட்டிருந்தேன். என்ன பாடம்? சைக்ரோமெட்ரி. காத்துல எவ்வளவு ஈரம் இருந்தா, எந்த வெப்பநிலையில அது தண்ணியா மாறும்ங்கிற சார்ட். சுவருக்கு இந்தப் பக்கம் நான் அந்த சார்ட்டைக் கோடு போட்டுப் படிச்சேன். அந்தப் பக்கம் தம்பி இருமினான். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு ஓ கிரேடுக்குத் தோணவே இல்லை.

அரையாண்டு லீவுக்குப் புதுக்கோட்டையில தாத்தா வீட்டுக்குப் போனான். ஒன்பது நாள். மூணு வேளையும் தயிர். ஒரு இருமல் இல்லை! சென்னைக்குத் திரும்பி வந்த ரெண்டாவது ராத்திரி, பூனைக்குட்டி மறுபடி கத்துச்சு. அம்மா இதை நுரையீரல் டாக்டர்கிட்ட சொன்னப்பதான் அவங்க பேனாவைக் கீழே வெச்சாங்க.

"பையன் படுக்கிற ரூம்ல ஓதம் இருக்கா?"

"இல்லைங்க டாக்டர். போன பொங்கலுக்குத்தான் பெயின்ட் அடிச்சோம்."

"பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?"

நான் தரையைப் பார்த்தேன்.

அன்னிக்குச் சாயங்காலம் அப்பாவும் நானும் பீரோவை நகர்த்தினோம். பின்னால ஒரு உலக மேப்! கறுப்புல ஆப்பிரிக்கா, பச்சை கலந்த சாம்பல்ல ஆசியா, கீழே தொட்டுக்க இலங்கை. நான் அடிச்ச இளநீலம் அப்பளம் மாதிரி உப்பி, உரிஞ்சு தொங்கிட்டிருந்துச்சு. பீரோவைத் திறந்தா அப்பாவோட தோல் பெல்ட்ல வெள்ளையா முடி முளைச்சிருக்கு. அம்மா பட்டுப்புடவையில ஒரு மக்கின வாடை. தம்பி தலைமாட்டுலேர்ந்து அந்தச் சுவர் ஒன்றரை அடி தூரம்தான்.

அது சாப்பிடுறது என்ன?

இனி கொஞ்சம் பாடம். தூங்கிடாதீங்க ப்ளீஸ்!

பூஞ்சை தாவரமும் இல்லை, மிருகமும் இல்லை. தனி இனம். பழைய பிரெட்ல பூக்குற பூசணமும், 1928-ல் லண்டன்ல அலெக்சாண்டர் ஃப்ளெமிங்குக்குப் பென்சிலினைக் காட்டிக் கொடுத்ததும் இந்தக் குடும்பம்தான். அதனால அது பரம எதிரி கிடையாது. வெளியில இலை தழையை மக்க வைக்கிற துப்புரவு வேலை அதுக்கு. பிரச்னை, அந்த வேலையை நம்ம பெட்ரூம்ல செய்ய ஆரம்பிக்கும்போதுதான்.

அதோட விதை மாதிரியான வித்துகள் கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலும் சில மைக்ரான் அளவுதான். எல்லா வீட்டுக் காத்துலயும் எப்பவும் இருக்கும். அதை யாராலும் ஒழிக்க முடியாது. உட்கார்ந்த இடத்துல முளைக்கணும்னா சாப்பாடு வேணும், தண்ணி வேணும். சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. மரம், காகிதம், துணி, தோல், சுவர்ல ஒட்டின தூசி, பெயின்ட்... எல்லாம் அதுக்கு ஃபுல் மீல்ஸ். நம்ம கையில இருக்கிற ஒரே ஸ்விட்ச் தண்ணிதான். இதுதான் இந்த வாரப் பாடத்தோட மொத்த சாரம்: பூஞ்சை ஒரு பெயின்ட் பிரச்னை இல்லை, தண்ணிப் பிரச்னை. தண்ணியை நிறுத்தாம மேலே பூசினா, அதுக்கு நாம சாப்பாட்டை ரெண்டு கோட் பரிமாறுறோம்னு அர்த்தம்.

தண்ணி எங்கேயிருந்து வருது? நாலு வழி. ஒண்ணு, வெள்ளமோ ஒழுகுற கூரையோ. ரெண்டு, தரையிலேர்ந்து செங்கல் வழியா உறிஞ்சிக்கிட்டு மேலே ஏறுறது. நம்ம கொத்தனார்கள் ஓதம்னு சொல்றது பெரும்பாலும் இதைத்தான். மூணு, சுவருக்குள்ள புதைச்ச பைப்புல கசிவு. நாலு, காத்துல இருக்கிற ஈரம். மழைக்காலத்துல வீட்டுக்குள்ள கொடி கட்டித் துணி காயப் போடுறோமே, அதுலேர்ந்து போற தண்ணி எங்கே போகுதுன்னு நினைச்சீங்க? ஜன்னல் மூடியிருந்தா சுவருக்குத்தான்.

இந்த நாலாவதுல என் சைக்ரோமெட்ரி வருது. காத்து 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவிகிதம்னு வெச்சுக்குங்க. சென்னை மழைக்காலத்துல சாதாரணம். அந்தக் காத்து சுமார் 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே வேர்க்க ஆரம்பிச்சுடும். பக்கத்து ரூம்ல ஏ.சி.யை 20-ல வெச்சா நடுச்சுவர் குளிரும். இந்தப் பக்கம் காத்தோட்டம் இல்லாத பீரோ சந்துல அது வேர்க்கும். ஜில் டம்ளர் வெளியில முத்து முத்தா நிக்குமே, அதேதான். சொட்டுச் சொட்டா வழியணும்னுகூட இல்லை. சுவரை ஒட்டின காத்துல ஈரம் நாள் கணக்கில் 80 சதவிகிதத்துக்கு மேலே இருந்தாலே பல பூஞ்சைகளுக்குப் போதும்.

இன்னொரு விஷயம். சுவர்ல தெரியற எல்லாமே பூஞ்சை இல்லை. வெள்ளையா, பொடிப்பொடியா, வாடையே இல்லாம இருந்தா அது பெரும்பாலும் உப்பு பூத்தது. தண்ணி தெளிச்சா கரைஞ்சுடும். அதனால இருமல் வராது. ஆனா, 'உள்ளே ஈரம் இருக்குடா'ன்னு சுவர் எழுதிப் போடுற கடிதம் அது. படிச்சுடுங்க.

உடம்புக்கு என்ன பண்ணும்?

இங்கே பயமுறுத்தறதும் தப்பு, அலட்சியம் பண்றதும் தப்பு. தெரிஞ்சதை மட்டும் சொல்றேன்.

உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வீட்டு ஈரத்துக்கும் பூஞ்சைக்கும் தனியா ஒரு வழிகாட்டி வெளியிட்டுச்சு. ஈரமான, பூஞ்சை பிடிச்ச வீடுகள்ல இருக்கிறவங்களுக்கு மூச்சுத் தொல்லையும் ஆஸ்துமாவும் வர்ற வாய்ப்பு அதிகம்னு அது சொல்லுது. இவ்வளவு வரைக்கும் இருந்தா ஆபத்தில்லைன்னு ஒரு அளவை மட்டும் அதால சொல்ல முடியலை. அதனால 'ஈரத்தைத் தடு, வந்தா சரி பண்ணு'ங்கிறதுதான் அதோட அறிவுரை. அதுக்கு முன்னாடி 2007-ல், பல ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துக் கணக்குப் போட்டாங்க. இருமல், வீசிங், ஆஸ்துமா மாதிரியான தொல்லைகள் அந்த மாதிரி வீடுகள்ல 30 முதல் 50 சதவிகிதம் கூடுதலா இருந்துச்சு.

சிலருக்கு அடுக்குத் தும்மல், கண் அரிப்பு, மூக்கடைப்போட நின்னுடும். ஏற்கெனவே ஆஸ்துமா இருந்தா அதைத் தூண்டி விடும். கீமோதெரபி எடுக்கிறவங்க, உறுப்பு மாற்று சிகிச்சை செஞ்சவங்க மாதிரி எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்களுக்கு நுரையீரல்ல பூஞ்சைத் தொற்றே வரலாம். பழைய காசநோய் நுரையீரல்ல விட்டுட்டுப் போன குழியில சில சமயம் பூஞ்சை பந்து மாதிரி வளரும். அதனால வீட்டுல யார் இருக்காங்கங்கிறதைப் பொறுத்து ஆபத்து மாறும்.

"அய்யய்யோ, சுவர்ல கறுப்பா இருக்கே... கோவிட்ல வந்த அந்தக் கறுப்புப் பூஞ்சையா?"ன்னு எங்க பாட்டி கேட்டாங்க. இல்லை. 2021-ல் இந்தியாவுல 40 ஆயிரம் பேருக்கு மேல தாக்கின மியூகோர்மைகோசிஸ் வேற வகை பூஞ்சையால வர்றது. கட்டுப்பாடில்லாத சர்க்கரையும், அதிகமா எடுத்த ஸ்டீராய்டும்தான் அதுக்குக் கதவைத் திறந்து விட்டுச்சு. சுவர்க் கறுப்பும் அதுவும் ஒண்ணு இல்லை.

அதே மாதிரி 'கறுப்பா இருந்தா கொடிய விஷம்'ங்கிற பயமும் ஒண்ணு சுத்துது. அமெரிக்காவுல கிளீவ்லாண்ட் நகரத்துல 1993-94-ல் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரல்ல ரத்தம் கசிஞ்சது. வீட்டுச் சுவர்ல இருந்த ஒரு கறுப்பு வகைதான் காரணம்னு முதல்ல சந்தேகப்பட்டாங்க. 2000-ல் அந்த நாட்டு நோய்த்தடுப்பு மையமே திரும்ப ஆராய்ஞ்சு, அப்படிச் சொல்லப் போதுமான ஆதாரம் இல்லைன்னு அறிவிச்சுது. அதனால கறுப்பா, பச்சையா, எந்த இனம்னு லேப் டெஸ்ட்டுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். எந்தக் கலரா இருந்தாலும் செய்ய வேண்டியது ஒண்ணுதான்.

'பழகிடுச்சும்மா!'

வீடு மட்டும்தானான்னு கேட்டா, இல்லை. இந்த வேலைக்காக ஒரு பழைய ரெக்கார்டு ரூமுக்குப் போயிருந்தேன். ஜன்னல் இல்லை. கூரையில ஈரத் திட்டு. கட்டுக் கட்டா ஃபைல். உள்ளே போன அஞ்சாவது நிமிஷம் எனக்குப் பதினோரு தும்மல். அங்கே இருக்கிற அண்ணன் துண்டை மூக்குல கட்டிக்கிட்டு ஃபைலைத் தட்டுறார். "தினமும் இப்படியாண்ணா?"ன்னேன். "இருபது வருஷம். பழகிடுச்சும்மா"ன்னார்.

இந்த 'பழகிடுச்சு'தான் ஆபத்து. நுரையீரலுக்குப் பழக்கம்ங்கிறது பல சமயம் தலைகீழா வேலை செய்யும். திரும்பத் திரும்ப சுவாசிச்சா, சிலருக்கு உடம்பு அதை எதிரியாப் பதிவு பண்ணிக்கும். அப்புறம் வேலை செஞ்சு நாலஞ்சு மணி நேரம் கழிச்சு காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல். ஃப்ளூன்னு நினைச்சு மாத்திரை போடுவாங்க. லீவு நாள்ல சரியாகும், வேலைக்குப் போனா திரும்ப வரும். வருஷக்கணக்கா விட்டா நுரையீரல் தழும்பேறி விறைச்சுடும். அது திரும்பாது.

1932-ல் இங்கிலாந்துல கேம்ப்பெல்ங்கிற டாக்டர், பூசணம் பிடிச்ச வைக்கோலைக் கையாண்ட விவசாயிங்ககிட்ட இதைப் பார்த்து எழுதினார். 'விவசாயி நுரையீரல்'னே பேர் வந்துடுச்சு. கரும்பாலையில ஈரத்தோட குவிச்சு வெச்ச சக்கையாலும் இதே மாதிரி ஒரு நோய் உண்டு. 'நமக்கென்ன, நாம வைக்கோலும் தூக்கலை, சக்கையும் தூக்கலை'ன்னு சொல்றீங்களா? இந்தியாவுல 19 ஊர்கள்ல நுரையீரல் திசு நோயாளிங்க 1,084 பேரைப் பதிவு பண்ணி ஆராய்ஞ்ச முடிவு 2017-ல் வெளிவந்துச்சு. அதுல 47 சதவிகிதம் பேருக்கு இருந்தது இந்த வகை ஒவ்வாமை நோய்தான். அவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் ஏர்-கூலர் பக்கத்துல வாழ்ந்தவங்க. தண்ணியை மாத்தாத கூலர், ஈரப் புல் பேடு, பின்னால ஒரு ஃபேன்... பூஞ்சை வளர்த்து முகத்துல ஊதுற மெஷினுக்கு இதைவிட நல்ல டிசைன் என்னாலகூடப் போட முடியாது!

அதே வசனம், வேற ஊர்

இந்தக் கட்டுரைக்காகப் படிச்சுட்டிருந்தப்போ, ஒரு இடத்துல நின்னுட்டேன். இங்கிலாந்துல ராச்டேல்னு ஒரு ஊர். குறைஞ்ச வாடகைக் குடியிருப்புல ஒரு குடும்பம். 2017-ல் சுவர்ல பூஞ்சை இருக்குன்னு அப்பா புகார் சொல்றார். அவருக்குக் கிடைச்ச பதில்: அது மேலே பெயின்ட் அடிச்சுக்குங்க.

அப்புறம் அந்த வீட்டுல ஒரு குழந்தை பிறந்துச்சு. அவாப் இஷாக். 2020 டிசம்பர்ல, ரெண்டு வயசு முடிஞ்ச சில நாள்லயே, மூச்சுக் கோளாறால இறந்துட்டான். 2022 நவம்பர்ல மரண விசாரணை அதிகாரி தீர்ப்பு சொன்னாங்க: வீட்டுல இருந்த பூஞ்சையை நீண்ட காலம் சுவாசிச்சதுதான் காரணம். நாடே அதிர்ந்து, 2023-ல் அவன் பேரால சட்டத்துல ஒரு பிரிவு வந்துச்சு. 2025 அக்டோபர் 27 முதல் அது அமல்ல இருக்கு. அந்தக் குடியிருப்புகளோட நிர்வாகம், ஆபத்தான ஈரம், பூஞ்சைன்னு புகார் வந்தா பத்து வேலை நாளுக்குள்ள ஆய்வு பண்ணணும். ஆபத்து உறுதியானா அடுத்த அஞ்சு வேலை நாளுக்குள்ள வீட்டைப் பாதுகாப்பாக்கணும். அவசர ஆபத்துன்னா 24 மணி நேரம்.

குளிர் நாடு, வேற சட்டம், வேற வாழ்க்கை. ஆனா அந்த வசனம் ஒண்ணுதான். 'பெயின்ட் அடிச்சா போயிடும்.' நான் அதைக் கேட்டு பிரஷ்ஷை எடுத்தவ. என் தம்பி இருக்கான். அந்தப் பக்கத்தை மூடிட்டு, அன்னிக்கு ராத்திரி ரெண்டு தடவை எழுந்து போய் அவன் மூச்சு விடுறானான்னு பார்த்தேன்.

பாலிதீன் சொன்ன சாட்சி

மேப் கிடைச்ச கையோட தம்பி படுக்கையை ஹாலுக்கு மாத்தினோம். அடுத்து ஓனர். "அதெல்லாம் வெள்ளத் தண்ணிம்மா, வெயில்ல காஞ்சிடும்"ன்னார். வாக்குவாதம் பண்ணாம ஆதாரம் தேடலாம்னு முடிவு பண்ணேன். அந்த ஓ கிரேடு எதுக்குத்தான் இருக்கு?

சுரண்டின இடத்துல ஓரடிக்கு ஓரடி பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினேன். ரெண்டு நாள் கழிச்சுப் பார்க்கணும். ரூம் பக்கம் ஈரமா இருந்தா காத்துலேர்ந்து வர்ற தண்ணி. சுவர் பக்கம் ஈரமா இருந்தா உள்ளேயிருந்து வர்ற தண்ணி. நமக்கு சுவர் பக்கம் முத்து முத்தா நின்னுச்சு. அந்தச் சுவருக்குப் பின்னால பாத்ரூம். ஒரு ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிட்டு, மொட்டை மாடி டேங்க்ல தண்ணி அளவை சாக்பீஸ்ல குறிச்சோம். காலையில ரெண்டு விரல் இறங்கியிருக்கு! யாரும் குளிக்கலை, துவைக்கலை. பின்னே எங்கே போச்சு?

ஓனரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். தம்பியோட இருமல் மாத்தாத மனசை, மோட்டார் கரன்ட் பில் மாத்திடுச்சு. மறுநாளே பிளம்பர் வந்தார். புதைச்ச பைப்புல ஒரு எல்போ விட்டுப் போயிருந்துச்சு. வெள்ளத்துல ஊறின சுவரை அது காயவே விடலை.

வாடகை வீட்டு மக்களுக்கு ஒரு தகவல். தமிழ்நாட்டுல 2017-ல் நிறைவேறி, 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்த வாடகைச் சட்டத்துல, யார் எதைப் பழுது பார்க்கணும்னு ஒரு பட்டியலே இருக்கு. நாம உடைச்சதா இல்லாத பட்சத்துல கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடிக்கிறது, தேவைப்படும்போது பைப் மாத்தறது எல்லாம் வீட்டு உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர் மாத்தறது, சாக்கடை அடைப்பு எடுக்கிறது நம்ம பொறுப்பு. சண்டைக்குப் போகச் சொல்லலை. பேசப் போகும்போது தெரிஞ்சு வெச்சுக்கங்க.

பைப் மாத்தி, நாலடி உயரத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல்லை மூணு வாரம் அப்படியே காய விட்டு, அப்புறம்தான் புதுப் பூச்சு. கடைசியா பெயின்ட். இந்த வரிசைதான் முக்கியம். நான் கடைசிப் படியை முதல் படியாப் பண்ணினேன்.

நீங்க என்ன பண்ணலாம்?

* வீட்டுக்குள்ள தண்ணி வந்தா 24 முதல் 48 மணி நேரத்துக்குள்ள காய வைக்கிறதுதான் குறி. சுவரை ஒட்டின சாமானை முதல்ல நகர்த்துங்க. ஊறின பஞ்சு மெத்தை, கார்பெட் காய மறுத்தா மனசைக் கல்லாக்கிட்டுத் தூக்கிப் போடுங்க.

* பீரோ, கட்டில், புத்தக அலமாரிக்கும் சுவருக்கும் நடுவுல குறைஞ்சது நாலு விரல் சந்து விடுங்க.

* சுமார் மூணடிக்கு மூணடி வரைக்கும் இருந்தா நாமே சுத்தம் பண்ணலாம். என்-95 மாஸ்க், கையுறை, கண்ணாடி அவசியம். காஞ்ச பிரஷ்ஷால தேய்க்காதீங்க, ஃபேன் போடாதீங்க. வித்து ரூம் பூரா பறக்கும். சோப்புத் தண்ணியில தேய்ச்சு, துடைச்சு, காய விடுங்க. ஆஸ்துமாக்காரங்க அந்த ரூம் பக்கமே வர வேண்டாம்.

* பிளீச்சிங்கோட ஆசிட்டையோ, டாய்லெட் க்ளீனரையோ கலக்கவே கலக்காதீங்க. விஷவாயு வரும். பூஞ்சைக்கு முன்னாடி நாம போயிடுவோம்.

* சமைக்கும்போதும் குளிச்ச பிறகும் எக்ஸாஸ்ட் ஃபேன். துணி காயும் ரூம்ல ஜன்னல் திறந்திருக்கணும். ஏ.சி. ஃபில்டரை மாசா மாசம் கழுவுங்க. கூலர் தண்ணியைத் தேக்கி வைக்காதீங்க.

* ஒரு சின்ன டைரி போடுங்க. இருமல் எந்த இடத்துல வருது, எந்த ஊர்ல நிக்குது? ஹாஸ்டல்ல வந்து வீட்டுல நின்னா, ஆபீஸ்ல வந்து லீவுல நின்னா, அதை டாக்டர்கிட்ட சொல்லுங்க. எங்களுக்கு வழி காட்டினது ஸ்கேன் இல்லை. புதுக்கோட்டை!

* 'இன்ஹேலர் பழகிடும்'னு யாராவது சொன்னா, சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க. டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க. சுவரைச் சரி பண்ணினதால மருந்து வேண்டாம்னு அர்த்தம் இல்லை.

கடைசி பாயின்ட் எங்க வீட்டுக்கும்தான். தம்பிக்கு ஆஸ்துமா மாயமா மறைஞ்சுடலை. இன்னும் காலையும் ராத்திரியும் இன்ஹேலர் எடுக்கிறான். ஆனா சுவர் காஞ்சதுக்கு அப்புறம் வந்த மழைக்காலத்துல, ராத்திரி அந்தப் பூனைக்குட்டி சத்தம் ரெண்டே தடவைதான் கேட்டுச்சு. இப்போ தெருவுல அவனோட ரன்-அப் எட்டு அடி. முன்னாடி பதினஞ்சு. "மெதுவா ஏத்திக்கலாம்க்கா"ங்கிறான். டீம்ல இன்னும் எடுக்கலை. பி.டி. சார் பார்த்துட்டுத்தான் இருக்கார்.

ரெக்கார்டு ரூம் அண்ணனுக்கு ஒரு பாக்கெட் என்-95 வாங்கிக் கொடுத்தேன். "இதெல்லாம் எதுக்கும்மா?"ன்னார். அந்த டாக்டரம்மா பேர், கிளினிக் இருக்கிற தெரு ரெண்டையும் எழுதிக் கொடுத்திருக்கேன். இன்னும் போகலை. அடுத்த வாரம் திரும்பக் கேட்கணும்.

உங்களுக்கு ஹோம் ஒர்க்: இன்னிக்கு ராத்திரி சாப்பிட்டதும் டார்ச்சை எடுத்துக்கங்க. பீரோவை நாலு விரல் நகர்த்துங்க. சுவரைத் தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்க. ஒண்ணும் இல்லைன்னா சந்தோஷம், ஒட்டடையாவது அடிச்ச மாதிரி ஆச்சு. மேப் இருந்தா... பிரஷ்ஷை எடுக்காதீங்க. தண்ணி எங்கேயிருந்து வருதுன்னு தேடுங்க.

அடுத்த வாரம் வேற ஒரு அரியரோட பார்க்கலாம். பை!